கரைக்கு வந்த மீன் உங்கள் மேசைக்கு ஏன் வரவில்லை?
ஒரு கடற்கரை ரிசார்ட் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் உங்கள் ரிசார்ட்டில் சென்ற மே மாதம் குடும்பத்தோடு ஓர் இரவு தங்கினோம். அப்பா, அம்மா, அக்கா, அக்கா மகன், நான். அன்றிரவு உங்கள் கடலுணவு உணவகத்தில் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

மறுநாள் காலையே உங்கள் கருத்துப் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தீர்கள், அடுத்த முறை வரும்போது பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஒரு கூப்பனும் இணைத்திருந்தீர்கள். நான் கேட்டிருந்த ஒரு கேள்விக்கும் அதில் விடை இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், சொல்லும் மீன் ஒன்று, பரிமாறும் மீன் வேறு என்ற இதே வழக்கத்தை வைத்திருக்கும் மற்ற விடுதிக்காரர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அறை சுத்தமாக இருந்தது. தோட்டத்தை அக்கறையோடு பராமரிக்கிறீர்கள். எங்களுக்குப் பரிமாறிய தம்பி ஒடிசாவிலிருந்து வந்தவர். தமிழில் பேச முயன்று, அம்மாவை ‘அம்மா’ என்றே அழைத்து, கடைசிவரை முகம் சுளிக்காமல் ஓடியாடி வேலை செய்தார். இந்த மடலில் இருக்கும் எந்தக் குறையையும் அவர்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

இனி மீனுக்கு வருகிறேன்.

உங்கள் மெனு அட்டையில், அன்றைக்குப் பிடித்த மீன் என்று தனிக்கட்டம் கட்டி, ‘வஞ்சிரம், வாழை இலையில் சுட்டது, 1,450 ரூபாய்’ என்று அச்சடித்திருந்தீர்கள். என் அப்பா நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் அக்கரைப்பேட்டைக் கரையில் மீன் வாங்கிப் பழகியவர். அவருக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சென்னைக் காசிமேடு துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெரிய மீன் வரத்துக் குறைந்து வஞ்சிரம் விலை எகிறும். ‘இந்த நேரத்தில் வஞ்சிரம் கிடைக்கிறதா?’ என்று கேட்டார். கிடைக்கிறது, இன்று வந்ததுதான் என்றார் பரிமாறியவர். இந்தக் கரையில் எல்லாம் ஃபைபர் படகுகள்தானே, அவற்றுக்குத் தடை இல்லை, பக்கத்துக் குப்பத்தில் வாங்கியிருப்பார்கள் என்று அப்பாவே எங்களுக்கு விளக்கம் சொன்னார். உங்களை அவர் அந்த அளவுக்கு நம்பினார்.

தட்டு வந்தது. இலையைப் பிரித்தால் உள்ளே தோல் இல்லாத, முள் இல்லாத, வெள்ளைவெளேரென்று நீளவாக்கில் அரிந்த ஒரு துண்டு. வஞ்சிரம் சாப்பிட்டு வளர்ந்த யாருக்கும் அதன் துண்டு எப்படி இருக்கும் என்று தெரியும். குறுக்கே வட்டமாக வெட்டியிருப்பார்கள். நடுவில் முள் இருக்கும். ஓரத்தில் வெள்ளித் தோல் ஒட்டியிருக்கும். சதை இறுக்கமாக, விலாப் பக்கம் கொஞ்சம் கருத்து இருக்கும். உங்கள் தட்டில் இருந்த துண்டு முள்கரண்டி பட்டதும் குழைந்தது. சுற்றிலும் தண்ணீர் விட்டிருந்தது. மேலே தடவிய மசாலா மேலேயே நின்றது, உள்ளே எந்தச் சுவையும் இல்லை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, இதில் மீன் வாசனையே இல்லையே என்றார்.

பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து, வஞ்சிரம் தீர்ந்துவிட்டதாம், இது கொடுவா என்றார். தீர்ந்துவிட்டது என்றால் ஆர்டர் எடுக்கும்போதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். கொடுவாயும் எங்களுக்குத் தெரிந்த மீன்தான், அதுவும் இப்படி இருக்காது என்று அப்பா சொன்னதும், சமையல் பொறுப்பில் இருந்த இளைஞரே வெளியே வந்தார். அந்த ஒருவருக்கு நான் நன்றி சொல்கிறேன். மழுப்பாமல், தலையைக் குனிந்துகொண்டு, ‘இது பாசா சார்’ என்று உண்மையைச் சொன்னார்.

ஒரு துண்டு மீனுக்கு உங்கள் உணவகத்தில் அரை மணி நேரத்துக்குள் மூன்று பெயர்கள் வந்துவிட்டன.

பாசா மோசமான மீன் என்று நான் சொல்லவில்லை. வியட்நாமில் மேகாங் ஆற்றுப் படுகையில் பெருமளவில் வளர்க்கப்படும் கெளுத்தி இனத்து மீன் அது. ஆந்திரத்துக் குளங்களிலும் இப்போது அந்த வகையை வளர்க்கிறார்கள். முள் இல்லாததால் குழந்தைகளுக்குக் கொடுக்க எளிது, விலையும் குறைவு. பாசா என்று எழுதி, பாசாவுக்கு உரிய விலை போட்டிருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை. ஆற்று நீரில் வளர்ந்து, உறைந்த பெட்டியில் வந்த மீனைக் கடலுக்கு எதிரே மேசை போட்டு, வஞ்சிரம் என்று பெயர் சொல்லி, வஞ்சிரத்தின் விலைக்கு விற்றீர்கள். விற்ற பொருளுக்குப் பொய்ப் பெயர் சொல்வதை நம் ஊரில் ஏமாற்று என்றுதான் சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 53-ஆவது பிரிவும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உணவின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெனு அட்டை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. என் அம்மா நாள்தோறும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். உங்கள் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் மேசைமேல் வைத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்க முடியவில்லை. எட்டு மணிக்குச் சொன்ன உணவு ஒன்பதே காலுக்குத்தான் வரத் தொடங்கியது. அதுவும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போட்டுக்கொள்ளும் அப்பாவுக்கு எல்லோருக்கும் கடைசியாக. பிரியாணியும் வறுத்த சோறும் ஏழெட்டு விதம் இருந்தன, ரசம் இல்லை.

மீன் குழம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சின்னச் செம்புப் பாத்திரத்தில் அழகாக வைத்திருந்தீர்கள். அதில் புளி இல்லை. தக்காளி இனிப்பும் க்ரீமும் இருந்தன. மீன் குழம்பின் சாரம் மீனின் தலையிலிருந்தும் முள்ளிலிருந்தும் இறங்க வேண்டியது. அதனால்தான் எங்கள் வீட்டில் துண்டுகளை வறுவலுக்கு எடுத்துக்கொண்டு, தலையையும் வாலையும் குழம்பில் போடுவார்கள். புளியும் மிளகாயும் கொதித்து, எண்ணெய் பிரிந்து மேலே வந்த பிறகு மீனைப் போட்டு, அதன் பிறகு கரண்டி விட்டுக் கிண்டாமல் சட்டியோடு எடுத்து ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்குவார்கள். முள்ளில்லாத கட்டிகளை, தனியே செய்து வைத்திருந்த சிவப்புச் சாற்றில் போட்டுச் சூடாக்கினால் அது குழம்பு ஆகாது. உங்கள் சமையல்காரருக்கு இது தெரியாது என்று நான் நினைக்கவில்லை. அவரோடு பேசியபோது அவர் தரமணியில் சமையற்கலை படித்தவர் என்றும், தெற்கே கடலோர ஊர்க்காரர் என்றும் தெரிந்தது. அவர் வீட்டிலும் இந்தக் குழம்புதான் கொதித்திருக்கும். அவர் கைக்கு நல்ல மீன் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவரிடமே கேட்டேன். கொள்முதல் எல்லாம் தலைமை அலுவலகத்தில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலைப்புள்ளி வாங்கி முடிவு செய்கிறார்கள் என்றார். கரையில் வாங்கினால் பில் கிடைக்காது, ஜி.எஸ்.டி. எண் இருக்காது, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், கணக்குப் பிரிவு ஒப்புக்கொள்ளாது என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். விடுதிக் கணக்குகளும் கடல் உணவு வணிகர்களின் கணக்குகளும் என் மேசைக்கு வருகின்றன. உங்கள் கணக்குப் பிரிவு சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பதப்படுத்தாத பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரியே இல்லாத பொருளுக்கு வரி எண் போட்ட பில்லை மீனவரிடம் கேட்பதில் பொருள் இல்லை. நீங்களே ஒரு வவுச்சர் எழுதி, விற்றவரின் பெயர், ஊர், மீன் வகை, எடை, தொகை போட்டுக் கையெழுத்து வாங்கினால் போதும். ரொக்கச் சிக்கலைப் பொறுத்தவரை, ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது என்பது பொது விதி. ஆனால் மீனவரிடம் நேரடியாக மீன் வாங்குவதற்கு அந்த விதியிலிருந்து விலக்கு தந்து 6டிடி என்ற தனி விதியை நெடுங்காலம் வைத்திருந்தது இதே வருமான வரித்துறைதான். கரையிலேயே மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவரிடம் வாங்கினாலும் அந்த விலக்கு உண்டு என்று 2008-இல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையும் அனுப்பியது. கரை ஏலம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய சுற்றறிக்கை அது. அதைவிட, இன்று மீன் விற்கும் பெண்களின் கூடை ஓரத்தில் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பலாம், ரொக்கம் என்ற பேச்சே எழாது. உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 18-ஆவது பிரிவில் மீனவரின் மீன்பிடித் தொழிலை அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உரிமம் எடுக்க வேண்டியவர் நீங்கள். படகிலிருந்து இறங்கும் மீனவர் அல்ல.

ஆகவே, கரையில் மீன் வாங்க முடியாது என்று எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. தினமும் ஒருவர் விடியற்காலையில் எழுந்து போய், பார்த்து, பேரம் பேசி வாங்க வேண்டும் என்ற வேலைதான் தடுக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்ற வசதியை விட மனமில்லாததும் தடுக்கிறது.

மறுநாள் காலை அப்பாவும் நானும் உங்கள் வேலியைத் தாண்டித் தெற்கே நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே குப்பம். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரை ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பெரியவர் மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். நண்டின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கொடுக்கை மடக்கி, நூலை ஒவ்வொரு காலாக விடுவித்து, வலைக் கண் ஒன்றுகூட அறுபடாமல் எடுத்தார். ஒரு நண்டுக்கு அத்தனை பொறுமை. பக்கத்தில் சங்கரா, கிழங்கான், கானாங்கத்தை, காரப்பொடி என்று குவியல் குவியலாக ஏலம் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. கண் பிதுங்கிப் பளபளவென்று இருந்தது. விரலால் அழுத்தினால் சதை பள்ளம் விழாமல் எழுந்தது.

அங்கே ஏலம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், பக்கத்து ரிசார்ட்டுக்கு மீன் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடைகள் வாங்குகின்றன, உங்கள் வாசலுக்கு இரண்டு முறை போய்க் கேட்டோம், காவலாளி உள்ளே விடவில்லை என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இது இப்படித்தான் என்று பழகிப்போன குரலில் சொன்னார்.

நிர்வாகத்தினரே, எனக்கு மிகவும் மனம் நொந்தது இந்த இடத்தில்தான். இந்தச் சாலை நெடுகிலும் படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி, விடுதிகளாலும் கடல் அரிப்பாலும் ஆண்டுக்கு ஆண்டு குறுகிவருகிறது. உங்கள் விளம்பரப் படத்தில் அந்தப் படகுகள் இருக்கின்றன. சூரியன் உதிக்கும்போது கரையேறும் படகின் படம் உங்கள் வரவேற்பறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருக்கிறது. அந்தப் படகுக்காரரின் மீனுக்கு மட்டும் உங்கள் வாசலில் அனுமதி இல்லை.

பில்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உணவுக்கு 9,800 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 980 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 12,720 ரூபாய். உயர்ந்த அறை வாடகை வாங்கும் விடுதிகளின் உணவகத்துக்கு 18 சதவீத வரி என்பது சட்டப்படி சரி, அதில் எனக்குப் பேச்சு இல்லை. ஆனால் சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. விடுதி, உணவக உரிமையாளர் சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொல்லி நீக்கச் சொன்னபோது உங்கள் காசாளர், கணினியில் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், மேலாளர் காலையில்தான் வருவார் என்றார். களைத்துப் போன பெற்றோரை நிற்க வைத்துக்கொண்டு வாதாட மனமின்றிக் கட்டிவிட்டு வந்தேன். எங்களுக்குப் பரிமாறிய தம்பியிடம், இந்த 980 ரூபாயில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றார். அவர் பெயரைச் சொல்லி வாங்கும் பணம் அது.

நீங்கள் செய்ய வேண்டியவை என்று நான் நினைப்பதை எழுதுகிறேன். உங்களால் முடியாதது எதையும் கேட்கவில்லை.

அச்சடித்த அட்டையிலிருந்து ‘அன்றைக்குப் பிடித்த மீன்’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். உணவகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். இன்று என்ன மீன், எந்தக் கரை, கிலோ என்ன விலை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சங்கரா வந்தால் சங்கரா. காரப்பொடி மட்டும் வந்தால் காரப்பொடி. மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தால் அதைவிட நல்ல துணை சோற்றுக்கு வேறு ஏது? புயல் எச்சரிக்கை வந்து படகு போகாத நாளில், இன்று மீன் இல்லை என்று எழுதுங்கள். யாரும் உங்களைக் குறைவாக எண்ண மாட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பலகையே இந்தக் கடலைப் பற்றி நிறையச் சொல்லும். பாசா சமைப்பதானால் பாசா என்றே எழுதுங்கள்.

கொள்முதலில் ஒரு பகுதியையாவது அந்த இளம் சமையல்காரரின் கையில் விடுங்கள். ஒரு பனிக்கட்டிப் பெட்டியும் ஒரு தராசும் கொடுத்து அவரையே காலையில் குப்பத்துக்கு அனுப்புங்கள். அவர் என்ன சமைப்பார் என்று பாருங்கள். முள் வேண்டாம் என்கிற விருந்தினருக்கு முள் நீக்கிக் கொடுக்கலாம்; எல்லோருக்கும் முள் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மெனுவைத் தமிழிலும் அச்சிடுங்கள். வெறும் சோறும் ரசமும் இரவில் கிடைக்கட்டும். சேவைக் கட்டணத்தைப் பில்லிலிருந்து எடுத்துவிடுங்கள்; பரிமாறுகிறவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் அவர்கள் கையிலேயே கொடுப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய தள்ளுபடிக் கூப்பனை நான் பயன்படுத்தப் போவதில்லை. இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். மே மாதம் முழுவதும் வஞ்சிரம் என்று எழுதி நீங்கள் பரிமாறிய மீன் என்ன? அந்த மாதத்தில் பக்கத்துக் குப்பத்தில் ஒரு கிலோ மீனாவது வாங்கினீர்களா? கொள்முதல் பதிவேட்டைத் திறந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். இந்த மடலின் நகலை உங்கள் தலைமை அலுவலகத்துக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். சேவைக் கட்டணம் தொடர்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தனியாகப் புகார் பதிவு செய்திருக்கிறேன். அந்தச் சமையல்காரர் எங்களிடம் உண்மை பேசியதற்காக அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்பதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய நகலில் தனியே அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்றிரவு உங்கள் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு வாடிக்கையாளர்